கடிவாளம் கண்ணுக்கு வந்த வழி

பிப்ரவரி பிறந்துவிட்டால் ஆவடியை அடுத்த கோவில்பதாகைப் பக்கம் பிளஸ் டூ பிள்ளை இருக்கிற வீடுகளில் ஒரு பேச்சு தவறாமல் காதில் விழும். "இன்னும் ஒரு மாசம்தான். கடிவாளம் கட்டின குதிரை மாதிரி இரு. அக்கம்பக்கம் பார்க்காதே." அங்கே அது அக்கறை. அரசியல் கட்டுரைக்குள் போனால் அதே தொடர் கண்டனமாகிவிடும்: இன்னார் கடிவாளம் கட்டிய குதிரையாகத் தம் கட்சியைத் தவிர வேறெதையும் பார்க்க மறுக்கிறார். கடிவாளத்தை விட்டுவிட்டுச் 'சேணம் கட்டிய குதிரை' என்று எழுதுவோரும் உண்டு. எதைச் சொன்னாலும் கேட்பவர் புரிந்துகொள்வது ஒன்றைத்தான். பக்கத்தில் நடப்பது தெரியாது, நேரே இருப்பது மட்டும் தெரியும்.

குதிரையை அருகில் பார்த்தவருக்கு இந்தத் தொடர் உறுத்தும். கடிவாளம் இருப்பது வாயில். சேணம் இருப்பது முதுகில். பக்கப் பார்வையை மறைப்பதோ கண்ணோரத்தில் செங்குத்தாக நிற்கும் ஒரு தோல் துண்டு. வாய்க்கும் முதுகுக்கும் உரிய பெயர்கள் கண்ணுக்கு எப்படி ஏறின? சொல் தெரியாமல் மக்கள் செய்த பிழை என்று இதைத் திருத்துகிற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்தத் திருத்தத்தில் உடன்பாடில்லை. மக்கள் கண்ணால் கண்டதைத்தான் சொன்னார்கள். அவர்கள் கண்ட குதிரை எது என்று தேடினால், சொல் தடம் மாறிய இடம் தெரிந்துவிடும்.

கடிவாளத்தின் முன்பாதி ஐயத்துக்கு இடமில்லாதது. குதிரை பல்லிடுக்கில் கடித்துக்கொண்டிருக்கும் இரும்புக் கம்பிதான் இந்தக் கருவியின் உயிர். 'கடி' அதிலிருந்து வந்தது. பின்பாதியான 'வாளம்' எது? அண்டை மொழிகள் இங்கே கைகொடுக்கின்றன. மலையாளத்தில் இதற்குக் 'கடிஞ்ஞாண்' என்று பெயர். ஞாண் என்பது நம் நாண்தான், கயிறு. கன்னடத்தில் 'கடிவாண'. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கடிக்கும் கம்பியும் அதோடு பிணைந்த கயிறும் சேர்ந்த பொருளுக்கு வைத்த பெயர், மலையாளத்தில் உருக்குலையாமல் நின்று, கன்னடத்தில் சற்றுத் தேய்ந்து, தமிழில் இறுதி மெய்யும் மாறி 'வாளம்' ஆனது என்றே எனக்குத் தோன்றுகிறது. வேறு விளக்கம் சொல்வோரும் இருக்கலாம். ஆனால் 'கடி' வாயைச் சேர்ந்தது என்பதில் யாரும் மாறுபட வழியில்லை.

வாயில் மாட்டும் கருவிக்குத் தமிழில் பெயர்ப் பஞ்சமே இருந்ததில்லை. நிகண்டுகளில் 'கறுழ்' உண்டு, 'கலினம்' உண்டு. கலினம் வடமொழி வழி வந்தது. கிரேக்கத்தில் கடிவாளத்தைக் 'கலினோஸ்' என்பார்கள். வடசொல்லே அங்கிருந்து வந்தது என்பது மொழியறிஞர் பலரின் கருத்து. குதிரையோடு கருவியும் கருவியோடு பெயரும் மலைதாண்டி வந்திருக்கின்றன. பாரசீகத்தின் 'லகாம்' பிற்காலத்தில் படைகளோடு தெற்கே இறங்கி நம்மிடம் லகான் ஆயிற்று. சேணத்துக்கு இன்னொரு பெயரான 'ஜீனி'யும் அதே பாரசீக வழியில் வந்ததுதான். குதிரை வீரனைக் குறித்த 'இராவுத்தன்', தமிழ் முஸ்லிம்களில் ஒரு பெரும் பிரிவினரின் பெயராகவே நிலைத்துவிட்டது.

இத்தனை பெயர் சேர்ந்ததற்குக் காரணம், குதிரை இங்கே எப்போதும் வெளியிலிருந்து வந்த, விலை உயர்ந்த, கவனித்துப் பேச வேண்டிய சரக்காக இருந்ததுதான். காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் கடல்வழி வந்து இறங்கிய குதிரைகளைப் பட்டினப்பாலை குறிப்பிடுகிறது. சோழர் கல்வெட்டுகளில் மலைமண்டலத்துக் 'குதிரைச் செட்டிகள்' வருகிறார்கள். மாணிக்கவாசகரின் வரலாறே பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் புறப்பட்ட பயணத்தில்தான் திரும்புகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, அரசன் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைகளை வாங்குகிறான், ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை, பராமரிக்கத் தெரிந்தவர் இல்லை என்று எழுதிவைத்தார்.

இவ்வளவு செல்வமான சொல்தொகுதியில், கண்ணோர மறைப்புக்கு வேரூன்றிய ஒரு பழம்பெயரைக்கூட நான் சந்தித்ததில்லை. இது தற்செயலாக இருக்க முடியாது. அந்தக் குதிரைகளில் பெரும்பாலானவை போருக்கு வந்தவை. வலப்பக்கம் வரும் வேலையும் இடப்பக்கம் நெருங்கும் யானையையும் பார்க்க முடியாத போர்க்குதிரை தானும் சாகும், மேலிருப்பவனையும் சாகடிக்கும். ஸ்ரீரங்கம் சேஷராயர் மண்டபத் தூண்களில் முன்கால் தூக்கிப் பாயும் குதிரைகளைப் பாருங்கள். வாய்க்கட்டும் தலைவாரும் கல்லில் அவ்வளவு துல்லியம். கண் மட்டும் முழுக்கத் திறந்திருக்கிறது. பெருமாள் கோயில் பிரம்மோற்சவத்தில் வீதிக்கு வரும் குதிரை வாகனமும் அப்படியே. கடிவாளம் பளபளக்கும், விழி உருண்டு நிற்கும். அய்யனார் கோயில் மண்குதிரைக்கு விழிதான் முகத்தில் பாதி. தமிழனின் மனத்தில் நின்ற பழைய குதிரை, கண் திறந்த குதிரை.

கண்ணை ஏன் மறைக்க வேண்டும் என்பதற்குக் குதிரையின் கண் அமைப்பைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். நிலத்தில் வாழும் பாலூட்டிகளின் கண்களில் மிகப் பெரியவற்றில் ஒன்று குதிரையுடையது. அது முகத்தின் முன்பக்கம் இல்லாமல் பக்கவாட்டில் பதிந்திருக்கிறது. அதனால் தலையைத் திருப்பாமலே ஏறக்குறைய 350 பாகை அதற்குத் தெரியும். நெற்றிக்கு நேர் முன்னால் சிறு இடமும், வாலுக்கு நேர் பின்னால் சிறு இடமும்தான் குருட்டு இடங்கள். புல்வெளியில் பதுங்கி வரும் விலங்குக்கு இரையாகாமல் தப்ப வேண்டிய பிராணிக்கு இயற்கை தந்த பாதுகாப்பு இது. பின்பக்கம் ஏதாவது அசைந்தால் குதிரை யோசிப்பதில்லை, ஓடிவிடும்.

இந்தப் பிராணியை வண்டியில் பூட்டினால் என்ன ஆகும்? அதன் கண்ணின் பின்னோரத்தில் ஒரு சக்கரம் ஓயாமல் சுழன்றுகொண்டே துரத்துகிறது. சாட்டை அசைகிறது. ஆள் எழுந்து உட்காருகிறான். ஓட ஓடத் துரத்துவதும் வேகமெடுக்கிறது. ஆகவேதான் கண்மறைப்பு வண்டிக் குதிரையோடு பிறந்தது. ஏறிச் செல்லும் குதிரைக்குப் பொதுவாக அது தேவைப்படுவதில்லை. மெரினாவில் சென்னைக் காவல்துறையின் குதிரைப்படை போகும்போது கவனித்தால் தெரியும். கடிவாளம் இருக்கும், சேணம் இருக்கும், கண்ணோரத்தில் எதுவும் இருக்காது.

சென்னைவாசிகள் தலைமுறை தலைமுறையாகத் தினமும் பார்த்த குதிரை ஜட்காக் குதிரை. ஜட்கா என்ற பெயர் இந்துஸ்தானியின் 'ஜட்கா'விலிருந்து வந்தது. வெடுக்கென்ற அசைவு, விரைவு என்று பொருள். 1886-இல் முதலில் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி, இதைச் சென்னைக்கும் அந்த மாகாணத்து வெளியூர்களுக்கும் உரிய வாடகை வண்டி என்று பதிவு செய்கிறது. 1856-இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ரயில் ஓடத் தொடங்கிய பிறகு, நிலையத்திலிருந்து வீட்டுக்குப் போக வண்டி வேண்டியிருந்தது. நிலைய வாசல்களில் ஜட்கா நின்றது. 1895 முதல் 1953 வரை சென்னையில் மின்சார டிராம் ஓடியது. மணியடித்துக்கொண்டு வரும் டிராமுக்கும், பிறகு வந்த பஸ்ஸுக்கும் நடுவில் அந்தக் குதிரை நேரே பார்த்து ஓடியாக வேண்டும். கண்மறைப்பு இல்லாமல் அது நடக்காது.

இனி, ஆதாரமாக நான் கருதுவதைச் சொல்கிறேன். அது நூலில் கிடைத்ததில்லை. கோவில்பதாகையிலிருந்து ஆவடி நோக்கிப் போகிற சாலையில், ஒரு கல்யாண வரவேற்பு ஊர்வலத்துக்காக மண்டப வாசலில் சாரட்டு நின்றிருந்தது. (சாரட்டு என்பதும் ஆங்கிலத்தின் 'சாரியட்' நம் வாயில் பழகிய வடிவம்தான்.) வெள்ளைக் குதிரை. பேண்டு வாத்தியக்காரர்கள் இன்னும் சட்டை மாற்றிக்கொண்டிருந்தார்கள். வண்டிக்காரரிடம் கண்ணோரத்துத் தோலைக் காட்டிக் கேட்டேன்.

"அண்ணா, இதுக்குப் பேரு என்ன?"

"கடிவாளம் சார்."

"கடிவாளம் வாயிலதானே இருக்கும்?"

அவர் குதிரையின் கன்னத்தில் கை வைத்து, அந்த வாரை லேசாகத் தூக்கிக் காட்டினார். "வாயில இருக்கிறது கம்பி. கம்பியைப் புடிச்சினு மேல போவுது பாருங்க, இது வாரு. இந்த வாருலதான் கண்ணு மறைக்கிறத தெச்சிருக்குது. கழட்டினா மூணும் ஒண்ணாத்தான் வரும். மொத்தமும் கடிவாளம்தான் சார்."

குனிந்து பார்த்தேன். உள்ளங்கை அளவில் சதுரமான தோல், உள்ளே விறைப்புக்குத் தகடு, கன்னவாரின் விளிம்போடு மெழுகு நூலால் இரட்டைத் தையல். மேல் மூலையிலிருந்து நெற்றிக்கு ஒரு மெல்லிய தாங்குவார். தோல் கண்ணில் படாமல் விரிந்து நிற்க அது வேண்டும். வெளிப்பக்கம் கல்யாணத்துக்காக ஜிகினாவும் கண்ணாடிச் சில்லும் ஒட்டியிருந்தார்கள். உள்பக்கம் உரசி உரசிக் கறுத்து வழுவழுப்பாக இருந்தது. கம்பியின் வளையத்திலிருந்து உச்சி வரை ஒரே வார். எங்கே கடிவாளம் முடிகிறது, எங்கே கண்மறைப்பு தொடங்குகிறது என்று கத்தி வைத்து அறுத்தால்தான் பிரிக்க முடியும்.

வண்டிக் குதிரையின் கடிவாளத்தில் கண்மறைப்பு ஓர் உறுப்பு. ஆகவே கடிவாளம் கட்டினால் கண்ணும் மறைந்துவிடும். ஜட்காக் காலத்துச் சென்னைக்காரர், 'கடிவாளம் கட்டிய குதிரைக்குப் பக்கம் தெரியாது' என்று சொன்னபோது உள்ளதை உள்ளபடி சொன்னார். பிழை என்று திருத்துகிறவர் மனத்தில் வைத்திருப்பது ஏறிச் செல்லும் குதிரையை. பேசியவர் பார்த்தது வண்டிக் குதிரையை. ஜட்கா மறைந்து போயிற்று, தொடர் மட்டும் நின்றுவிட்டது. குதிரையைத் தொட்டே பார்க்காத பிள்ளையிடம் அந்தத் தொடரைச் சொல்லும்போது, அதற்குள் இருக்கும் வண்டி அவனுக்குத் தெரிவதில்லை.

இந்த விளக்கம் சரியென்றால் இன்னொரு முடிச்சும் அவிழ்கிறது. கடிவாளம் என்ற சொல்லைத் தமிழர் இரண்டு வெவ்வேறு உருவகமாக ஆள்கிறோம். 'நாவுக்குக் கடிவாளம் போடு', 'விலைவாசிக்குக் கடிவாளம்' என்னும்போது அடக்குதல் பொருள். இது பழையது. ஐம்புலன்களைக் குதிரைகளாகவும் மனத்தைக் கடிவாளமாகவும் பேசும் உவமை கட உபநிடதத்திலேயே இருக்கிறது. அங்கே கண்ணைப் பற்றிப் பேச்சில்லை. இழுத்துப் பிடிக்கும் கையைப் பற்றித்தான் பேச்சு. 'கடிவாளம் கட்டிய குதிரை' என்னும்போது வருவது ஒருமுகப் பார்வை. இது வண்டித் தெருவில் பிறந்த, வயதில் இளைய பொருள். பழைய குதிரை தந்த உருவகமும் ஜட்காக் குதிரை தந்த உருவகமும் ஒரே சொல்லுக்குள் குடியிருக்கின்றன. பேசுகிறவர் யாரும் இரண்டையும் குழப்பிக்கொள்வதில்லை. 'போடு' என்றால் அடக்கம், 'கட்டிய குதிரை' என்றால் பார்வை. வினையும் தொடரும் பார்த்து மக்கள் பொருளைப் பிரித்துவிட்டார்கள்.

சேணத்துக்கு வேறு வழி. சேணம் என்பது முதுகில் வைக்கும் இருக்கை. ஆனால் வண்டிக்காரர் வாயில் அது விரிந்துவிடுகிறது. 'சேணம் பூட்டியாச்சா' என்றால் கழுத்துப்பட்டை, முதுகுப்பட்டை, வயிற்றுவார், கடிவாளம் எல்லாம் மாட்டி வண்டி புறப்படத் தயாரா என்று அர்த்தம். அந்த விரிந்த பொருளில் கண்மறைப்பும் அடங்கிவிடும். கேட்டுப் பழகிய எழுத்தாளர்கள் அதை எடுத்தாண்டார்கள். ஆனாலும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் கடிவாளத்தைத்தான் தேர்வேன். தையலால் ஒட்டியிருப்பது அதுதான்.

காதில் விழுவதும் கண்ணில் படுவதும் பெயரை நடத்திக்கொண்டு போவதற்கு ஊர்ப்பெயரைவிட நல்ல சான்று கிடையாது. கோவில்பதாகை என்றதும் எல்லாருக்கும் கோயில் கொடி நினைவு வரும். பதாகை என்றால் கொடிதானே. கல்வெட்டுத் தமிழில் 'பிடாகை' என்றொரு சொல் உண்டு. பேரூரைச் சேர்ந்த சிற்றூர், உட்கிடையூர் என்று பொருள். கோயிலுக்கு உரிய பிடாகையாக இருந்த சிற்றூரின் பெயர், சொல் வழக்கொழிந்த பிறகு, தெரிந்த 'பதாகை'யாக ஒலிக்கத் தொடங்கியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். பெருமாள் கோயிலும் கொடிமரமும் கண்முன் இருக்கும்போது கொடி என்ற பொருள் எளிதில் ஒட்டிக்கொள்ளும்.

ஜட்கா போன பிறகு சென்னையில் கண்மறைப்பு பேசப்பட்ட இடம் கிண்டிப் பந்தய மைதானம். அங்கே அதற்குத் தமிழ்ப் பெயரே கிடையாது. குதிரையைப் பராமரிக்கும் 'சைஸ்' முதல் டிக்கெட் வாங்குகிறவர் வரை எல்லாருக்கும் 'பிளிங்கர்ஸ்'. இதற்குக் காரணமும் பொருளிலேயே இருக்கிறது. பந்தயக் குதிரையின் பிளிங்கர்ஸ் கடிவாளத்தில் தைத்தது இல்லை. தலை முழுக்க மூடும் துணி முக்காடு. காதுக்குத் துளை, கண்ணுக்குத் துளை, கண் துளையின் பின்னோரத்தில் பிளாஸ்டிக் கிண்ணம். தனியாக மாட்டி, தனியாகக் கழற்றலாம். தனிப் பொருளாக வந்ததால் தனிப் பெயரோடு வந்தது.

இங்கே எந்தக் குதிரைக்கு எதை மாட்டுவது என்பது பயிற்சியாளரின் கைத்திறன். முன்னால் போய்விட்டு, பின்னால் வருகிறவை எங்கே என்று பார்த்து நிதானிக்கும் குதிரை இருக்கிறது. கூட்டத்தின் சத்தத்துக்குத் திரும்பும் குதிரை இருக்கிறது. பக்கத்தில் வேறொன்று நெருங்கினால் ஓட்டத்தை விட்டுவிடும் குதிரை இருக்கிறது. இவற்றுக்குக் கிண்ணம் உதவும். முழுக்கிண்ணம் முன்னே ஒரு கீற்றை மட்டும் விடும். அரைக்கிண்ணம் பக்கவாட்டையும் கொஞ்சம் காட்டும். ஒரே பக்கம் சாய்ந்து ஓடுகிற குதிரைக்கு ஒரு கண்ணுக்கு மட்டும் கிண்ணம் வைப்பதும் உண்டு. கிண்ணத்தில் சிறு பிளவு வெட்டிய வகையும் உண்டு. பக்கத்தில் துணை வருகிறது என்று தெரிந்தால்தான் போட்டி போடும் குதிரைக்கு அது. கன்னவாரில் ஆட்டுத்தோல் ரோமம் சுற்றுவது இன்னும் மென்மையான வழி. தரையில் விழும் நிழலைக் கண்டு மிரளும் குதிரைக்கு மூக்கின் குறுக்கே ரோமச் சுருள் கட்டுவார்கள். கீழே பார்ப்பதை அது தடுக்கும்.

எல்லாக் குதிரைக்கும் இது பொருந்தாது என்பதுதான் முக்கியம். சோம்பலில் கவனம் சிதறும் குதிரைக்குக் கிண்ணம் மருந்து. பயத்தில் மிரளும் குதிரைக்கு அதுவே கேடு. குளம்பொலி கேட்கும், வருவது எது என்று தெரியாது, பயம் இரட்டிக்கும். ஏற்கெனவே துடிப்பாக ஓடுகிற குதிரை, கண் மறைந்ததும் முதல் பாதியிலேயே முழு மூச்சையும் செலவழித்துவிடும். முதல் ஓட்டத்தில் நன்றாக வேலை செய்தது, பழகப் பழகப் பலன் குறைந்துவிடுவதும் உண்டு. இப்படி ஓட்டத்தையே மாற்றும் பொருள் என்பதால் பல நாட்டுப் பந்தய விதிகளில், கண்மறைப்பு மாட்டப்போவதை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். இங்கிலாந்தில் ஒருகாலத்தில் இதைப் 'போக்கிரியின் சின்னம்' என்று சொல்வார்கள். மாட்டியிருந்தாலே குதிரை நம்பத் தகாதது என்று எண்ணினார்கள். இன்று அந்த இளக்காரம் போய்விட்டது.

கிண்டிப் பந்தயம் சூதா, திறமையா என்ற வழக்கில் 1996 ஜனவரி 12 அன்று உச்ச நீதிமன்றம் திறமை சார்ந்தது என்று தீர்ப்பளித்தது. 1974-இல் தமிழ்நாடு கொண்டுவந்த தடைச் சட்டம் அத்தோடு வலுவிழந்தது. குதிரையின் வம்சம், பயிற்சி, ஓட்டுபவரின் கைவேலை என்று அந்த வழக்கில் எடைபோட்டவற்றின் வரிசையில், ஒரு குதிரையின் மனம் அறிந்து கிண்ணத்தின் அளவைத் தீர்மானிப்பதையும் நான் சேர்ப்பேன். சூதாட்டத்தின் மேல் எனக்கு மதிப்பில்லை. ஆனால் பேச முடியாத ஒரு பிராணிக்கு எது இடைஞ்சல், எது உதவி என்று பார்த்துப் பார்த்துக் கண்டுபிடிக்கும் வேலையை மதிக்காமல் இருக்க முடியவில்லை. 2024 செப்டம்பரில், 1945-இல் கொடுத்த குத்தகையை ரத்து செய்து அரசு அந்த மைதானத்தின் 160 ஏக்கரைத் திரும்ப எடுத்துக்கொண்டது. மைதானம் என்ன ஆனாலும் அங்கே சேர்ந்த சொற்கள் எழுத்தில் பதியாமல் போய்விடக்கூடாது.

புதுச்சொல் ஆக்குவோர் பிளிங்கர்ஸுக்குக் 'கண்மூடி' என்று எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். அது பொருந்தாது. கண்ணை மூடுவது செக்கில் பூட்டும் மாட்டுக்கு. சுற்றிச் சுற்றி வரும் மாட்டுக்குத் துணி கட்டி முழுக்க மறைப்பார்கள். குதிரைக்கு முன்பார்வை இருந்தே ஆக வேண்டும். தவிர, தமிழில் கண்மூடி என்றால் விவேகம் இல்லாமை. 'கண்பட்டை' நன்றாக ஒலிக்கும், ஆனால் அது இமையின் பெயர். சாரட்டுக்காரர் போகிற போக்கில் சொன்ன 'கண்ணு மறைக்கிறது' என்பதையே 'கண்மறைப்பு' என்று எடுத்துக்கொண்டால் போதும். அரைக்கிண்ணக் கண்மறைப்பு, ஒற்றைக் கண்மறைப்பு, பிளவுக் கண்மறைப்பு என்று வகை பிரிக்கவும் அது இடம் கொடுக்கிறது.

அதற்காகக் 'கடிவாளம் கட்டிய குதிரை'யைக் 'கண்மறைப்புக் கட்டிய குதிரை' என்று மாற்ற வேண்டியதில்லை. அடுத்து அகராதி தொகுப்பவர் கடிவாளம் என்ற தலைச்சொல்லின் கீழ் மூன்று பொருளைத் தனித்தனியாகத் தரலாம். ஒன்று, குதிரையின் வாயில் மாட்டும் கம்பியும் அதோடு சேர்ந்த வாரும். இரண்டு, கட்டுப்பாடு, 'போடு' என்ற வினையோடு வரும். மூன்று, வண்டிக் குதிரையின் தலைவார், கண்மறைப்பு உட்பட. 'கட்டிய குதிரை' என்ற தொடரில் வரும். சென்னை, ஜட்கா வழக்கு.